செகண்ட்ஹேண்ட் பைக்கின் எஞ்சின் தேய்ந்திருந்தால்: பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கிறேன், பீன்யாவில் வேலை. இரண்டு மாதம் முன்பு ஒரு பழைய பைக் கடையில் 2016 மாடல் 150 சிசி வண்டியை 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். பணத்தைக் கடையின் யுபிஐ கணக்குக்கு அனுப்பினேன். "எஞ்சினில் யாரும் கை வைக்கவில்லை, 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்று கடைக்காரர் வாட்ஸ்அப் ஆடியோவில் தமிழில் சொல்லியிருக்கிறார். ரசீதில் மட்டும் "உள்ளது உள்ளபடி விற்பனை" என்று எழுதியிருக்கிறது. ஒரு மாதத்திலேயே நீலப்புகை வர ஆரம்பித்துவிட்டது, ஆயிலும் குறைகிறது. ரீபோர் செய்து பிஸ்டன் செட் மாற்ற 14,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். "பழைய வண்டிக்கு ஏது கேரண்டி, நான் வெறும் புரோக்கர்" என்கிறார் கடைக்காரர். ஆர்.சி. இன்னும் முதல் உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது. முதலில் ரிப்பேர் செய்துவிட்டு அப்புறம் வழக்குப் போடலாமா?

பதில்: அவசரப்பட்டு எஞ்சினைப் பிரிக்காதீர்கள். உங்கள் வழக்குக்கான சாட்சி அந்த எஞ்சினுக்குள்தான் இருக்கிறது. ரீபோர் என்று லேத்தில் போரை (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் துளையை) பெரிதாக வெட்டி, பழைய பிஸ்டனை மெக்கானிக் குப்பையில் போட்டுவிட்டால், குறை இருந்தது என்பதற்கு உங்கள் வாய்வார்த்தையைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. வண்டியை ஓட்டுவதையும் நிறுத்துங்கள். ஆயில் இல்லாமல் ஓட்டி நீங்களே கெடுத்துவிட்டீர்கள் என்பதுதான் எதிர்த்தரப்பு சொல்லும் முதல் பதிலாக இருக்கும். ஆயில் அளவையும் ஓடோமீட்டரையும் தேதி தெரியும்படி இன்றே படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து, கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்து எழுத்துப்பூர்வமான ஜாப் கார்டு வாங்குங்கள். அதில் கம்ப்ரஷன் அளவு (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) இரண்டு முறை பதிவாக வேண்டும்: ஒன்று சாதாரணமாக, இன்னொன்று பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்ட பிறகு. ஆயில் விட்டதும் அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு பக்கம் பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் புகை வந்து நின்றுவிட்டால் அது பெரும்பாலும் வால்வு சீல். ரப்பர் நாளடைவில் இறுகுவது இயல்பு, மாற்றச் செலவும் குறைவு. அதற்காக நுகர்வோர் ஆணையம் வரை போக வேண்டாம் என்பேன். த்ராட்டில் முறுக்கும்போதெல்லாம் புகை தள்ளினால் விஷயம் வேறு.

புகை ஒரு மாதம் கழித்து வந்ததற்கும் காரணம் இருக்கலாம். தேய்ந்த எஞ்சினில் கெட்டியான ஆயிலோ, அதைக் கெட்டியாக்கும் கலவையோ ஊற்றினால் சத்தமும் புகையும் கொஞ்ச காலம் அடங்கியிருக்கும். சில நூறு கிலோமீட்டரில் வேஷம் கலைந்துவிடும். வாங்கிய பிறகு நீங்கள் ஆயில் மாற்றவில்லை என்றால், இறக்கும் ஆயிலில் 200 மில்லியைச் சுத்தமான பாட்டிலில் சீல் வைத்து எடுத்து வையுங்கள்.

இனி சட்டம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(10) பிரிவு, பொருளின் குறைபாடு எது என்று சொல்கிறது. சட்டமோ ஒப்பந்தமோ கோரும் தரம் இல்லாதது மட்டும் குறைபாடு அல்ல. வியாபாரி எந்த விதத்தில் என்ன தரம் உண்டென்று சொன்னாரோ அது இல்லாததும் குறைபாடுதான். எனவே அந்த ஆடியோவே உங்கள் வண்டிக்கான தர அளவுகோல். தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது 2(47) பிரிவின்படி முறையற்ற வணிகம். "உள்ளது உள்ளபடி" என்ற வரி, செயின், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ போன்ற கண்ணுக்குத் தெரிந்த தேய்மானத்துக்குக் கடைக்காரரைக் காப்பாற்றலாம். வாயால் சொன்ன பொய்க்கு அது கேடயம் ஆகாது என்றே வாதிடுவேன்.

கடையிலிருந்து அல்லாமல் தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்தச் சட்டத்தின் துணை கிடைப்பது கடினம். அப்போது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி சிவில் நீதிமன்றம்தான் வழி. குறையைச் சொல்லாமல் இருந்தது மட்டும் பொதுவாக அங்கே மோசடி ஆகாது.

புரோக்கர் என்ற வாதத்துக்குப் பணம் போன யுபிஐ கணக்கே பெரிய பதில். அதோடு, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, பழைய வண்டி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்கவும் வேண்டும். இரண்டின் நகலையும் கடைக்காரருக்கு அனுப்பும் நோட்டீஸில் கேளுங்கள். இல்லை என்றால் அதுவும் உங்களுக்குச் சாதகம்.

நோட்டீஸை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். இந்தத் தேதியில் இந்த சர்வீஸ் சென்டரில் எஞ்சினைப் பிரிக்கப் போகிறோம், நீங்களோ உங்கள் மெக்கானிக்கோ வந்து பார்க்கலாம் என்று அதில் எழுதுங்கள். வராவிட்டால் வீடியோ எடுத்துக்கொண்டு பிரியுங்கள். சிலிண்டர் போரை மேல், நடு, கீழ் என மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக, மொத்தம் ஆறு அளவுகள் எடுத்து, சர்வீஸ் மேனுவலின் வரம்போடு ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகு பிஸ்டனின் தலையில் படிந்த கரியைத் துடைத்துப் பாருங்கள். 0.25, 0.50 என்று ஓவர்சைஸ் எண் (அசலைவிடப் பெரிய பிஸ்டன் என்பதன் குறி) குத்தியிருந்தால், அந்த எஞ்சின் ஏற்கெனவே ரீபோர் ஆனது. "யாரும் கை வைக்கவில்லை" என்ற பேச்சு அங்கேயே உடைந்துவிடும். இதைவிட வலுவான ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது. அந்த பிஸ்டனையும் ரிங்குகளையும் ஒரு பையில் போட்டு வீட்டில் வையுங்கள்.

பதில் வராவிட்டால் பெங்களூரு நகர்ப்புற மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம், நுகர்வோர் புகாருக்கான இ-ஜாக்ருதி இணையதளத்திலும் பதியலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கால வரம்பு 2 ஆண்டு. ஆடியோவை எழுத்தாக்கி, கன்னட அல்லது ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையுங்கள். மின்னணு ஆதாரத்துக்கு, பாரதிய சாக்ஷ்ய (சாட்சிய) சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றும் வேண்டும். ஃபோனை மாற்றினாலும் பழையதை அழிக்காதீர்கள்.

42,000 ரூபாயும் திரும்பக் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். 2016 மாடல் வண்டி ஓரளவு தேய்ந்துதான் இருக்கும். ரிப்பேர் பில், கொஞ்சம் நஷ்டஈடு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேட்பதே நியாயமான கோரிக்கை.

ஆர்.சி. மாற்றத்தை வழக்கோடு சேர்த்துத் தள்ளிப்போட வேண்டாம். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் உடனே ஆர்.டி.ஓ.வில் கொடுங்கள், இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதனால் உங்கள் கோரிக்கை பலவீனமாகாது. ரீபோர் செய்தாலும் சிலிண்டர் பிளாக் மாற்றினாலும் எஞ்சின் எண் மாறாது. அந்த எண் கிராங்க்கேஸில் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று ஜே.சி. ரோட்டில் பழைய எஞ்சினை முழுதாக வாங்கிப் பொருத்தினால் ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாது. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் அப்படிச் செய்யாதீர்கள்.