பிரிட்டனில் படித்துக்கொண்டே வேலை பார்க்கலாமா? செப்டம்பரில் கிளம்புகிறவர்களுக்குச் சில பதில்கள்

நானும் மாணவர் விசாவில் வந்து முதுகலை படித்தவள்தான். இப்போது இங்கே ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பகுதிநேர வேலைக்கு வரும் மாணவர்களின் மணிக்கணக்கைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. இந்த வாரம் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கோவையிலிருந்து: அக்கா, எங்கள் ஏஜென்ட் "வேலையெல்லாம் தாராளமா செய்யலாம்" என்கிறார். உண்மையா?

செய்யலாம், ஆனால் தாராளமாக இல்லை. பட்டப்படிப்போ அதற்கு மேலோ முழுநேரமாகப் படிப்பவர்களுக்குப் பொதுவாகப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம். அதற்குக் கீழ்நிலைப் படிப்பு என்றால் 10 மணிதான். பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கு வேலை அனுமதியே கிடையாது. உங்களுக்கு எது என்பது இ-விசாவில், அதாவது இணையத்தில் பார்க்கும் உங்கள் விசா பதிவில், எழுதியிருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்னதை விட்டுவிட்டு அந்த வரியைப் படியுங்கள் தம்பி.

திருச்சியிலிருந்து: இந்த வாரம் 26 மணி, அடுத்த வாரம் 14 மணி பார்த்தால் சராசரி 20தானே?

இல்லை. இங்கே சராசரி என்ற பேச்சே கிடையாது. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. அந்த ஏழு நாளில் 20 மணியைத் தாண்டினால் விசா நிபந்தனையை மீறியதாகும், அடுத்த வாரம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும் அது சரியாகாது. இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்ட வேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது ஞாயிற்றுக்கிழமையில்தான். நான் ஒரு காபி கடையில் இருந்தேன். சனிக்கிழமையோடு 19 மணி முடிந்திருந்தது. ஞாயிறு காலை மேனேஜர் போன் செய்து, "ஒருத்தர் வரல, ஒரு நாலு மணி நேரம் வந்துட்டுப் போ" என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு படி இறங்கிய பிறகுதான் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாள் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு ஷிஃப்டும் முடிந்ததும் அதில் மணியைக் குறித்து வைப்பேன். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு, வர முடியாது என்று சொன்னேன். அவருக்குக் கோபம்தான். ஆனால் விசா என்னுடையது. நீங்களும் அப்படி ஒரு தாள் ஒட்டி வையுங்கள்.

சேலத்திலிருந்து: எம்.எஸ்ஸி. படிக்கிறேன். ஜூனில் வகுப்பு முடிகிறது. அப்புறம் கோடை முழுக்க முழுநேர வேலை பார்க்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். இளங்கலை மாணவர்களுக்குக் கோடை என்றால் விடுமுறை. ஒரு வருட முதுகலையில் அது ஆய்வேடு எழுதும் காலம், வகுப்பு இல்லாவிட்டாலும் படிப்புக் காலம்தான். 20 மணி வரம்பு அப்போதும் உண்டு. ஆய்வேட்டை முன்கூட்டியே கொடுத்துவிட்டேன் என்பதும் செல்லாது. படிப்பு முடியும் தேதி என்று பல்கலைக்கழகம் விசாவுக்குக் கொடுத்த தேதி தாண்ட வேண்டும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் சமயங்களில் உங்கள் படிப்புக்கு விடுமுறை என்று பல்கலைக்கழகம் அறிவித்திருந்தால் அந்த நாட்களில் முழுநேரம் பார்க்கலாம்.

வேலைக்குச் சேரும்போது முதலாளி ஷேர் கோடும் (உங்கள் வேலை அனுமதியை இணையத்தில் சரிபார்க்க உதவும் குறியீடு), பல்கலைக்கழகத்தின் பருவத் தேதிகளும் கேட்பார். கொடுத்துவிடுங்கள், அது உங்களுக்கும் பாதுகாப்பு.

சென்னையிலிருந்து: நண்பன் சைக்கிளில் உணவு டெலிவரி செய்கிறான். வேறொருவர் அக்கவுண்டாம், வாரம் இவ்வளவு என்று வாடகை கொடுக்கிறான். 20 மணிக்குள்தானே?

ஒரு மணி நேரம்கூடக் கூடாது. டெலிவரி ஆப்களில் ஓடுகிறவர்கள் சுயதொழில் செய்பவர்கள் கணக்கு, மாணவர் விசாவில் சுயதொழிலுக்கே அனுமதி இல்லை. யூடியூபில் சம்பாதிப்பது, தனியாக டியூஷன் எடுத்துப் பணம் வாங்குவது எல்லாமே இதில் வரும். அக்கவுண்டை வாடகைக்கு எடுத்து ஓடுகிறவர்களைத் தெருவிலேயே நிறுத்திச் சோதிக்கிறார்கள். பிடிபட்டால் விசா ரத்தாகலாம், அப்புறம் வேறு நாட்டு விசாவுக்கும் இதைச் சொல்லியாக வேண்டியிருக்கும். உங்கள் நண்பனை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து: சென்னை கம்பெனிக்கு அங்கிருந்தே லேப்டாப்பில் வேலை செய்தால்?

சம்பளம் எந்த நாட்டு வங்கிக்கு வந்தாலும் நீங்கள் உட்கார்ந்திருப்பது பிரிட்டனில். அந்த மணிகளும் 20-க்குள் அடங்கும். ஃப்ரீலான்ஸ் என்றால் முந்தைய பதில்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அம்மா: பிள்ளை, மகன் வேலை செய்து இரண்டாம் தவணை ஃபீஸைத் தானே கட்டுவேன் என்கிறான். முடியுமா?

முடியாது அம்மா. கணக்கைப் பாருங்கள். 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 12.71 பவுண்டு. 20 மணிக்கு 254 பவுண்டு சொச்சம், மாதத்துக்குச் சுமார் 1,100. லண்டனுக்கு வெளியே ஒருவர் வாழ மாதம் 1,171 பவுண்டு, லண்டனில் 1,529 கையில் இருக்க வேண்டும் என்று விசாவுக்கே கேட்கிறார்கள். அதாவது வாரம் தவறாமல் வேலை கிடைத்தாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே போதாது. வந்த உடனே வேலை கிடைத்துவிடாது, எனக்கே இரண்டரை மாதம் ஆனது. தவணைப் பணம் முழுக்கக் கையில் இல்லாமல் அனுப்பாதீர்கள். அவன் சம்பாதிப்பது அவன் கைச்செலவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாரத்தோடு வரும் பிள்ளைகள்தான் 20 மணியைத் தாண்டுகிறார்கள்.

ஈரோட்டிலிருந்து: என்.ஐ. நம்பர் வந்தால்தான் வேலையில் சேர முடியுமா? வரி பிடிப்பார்களா?

என்.ஐ. என்பது நேஷனல் இன்ஷூரன்ஸ், வரிக்கும் சமூகக் காப்பீட்டுக்கும் உங்களை அடையாளம் காட்டும் எண். அதற்கு விண்ணப்பித்துவிட்டு வேலையில் சேரலாம். விண்ணப்பம் இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி இல்லை. சம்பளச் சீட்டில் வரிக் குறியீடு 'பி.ஆர்.' என்று இருந்தால் முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் போகும். வரித்துறைக்குச் சொல்லி மாற்றினால் அதிகம் பிடித்தது திரும்ப வரும்.

விழுப்புரத்திலிருந்து: தெரிந்த கடை ஒன்றில் மணிக்கு 7 பவுண்டு, கையில் பணமாகத் தருகிறேன் என்கிறார்கள். நம்ம ஊர்க்காரர்தான் அக்கா.

நம்ம ஊர்க்காரர் என்பதற்காகவே பேசாமல் இருந்துவிடுகிறோம், எனக்கு இதில்தான் ஆற்றாமை. ஒவ்வொரு மணிக்கும் 5 பவுண்டுக்கு மேல் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். சம்பளச் சீட்டு இல்லாததால் சம்பளத்தோடு விடுப்பும் போச்சு. அது பகுதிநேர வேலையாட்களுக்கும் சட்டப்படி உண்டு. நாளைக்குச் சோதனை வந்தால் நீங்கள் எத்தனை மணி வேலை பார்த்தீர்கள் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. அங்கே சேர வேண்டாம். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் வேலையிட உரிமைகளுக்கு வழிகாட்டும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். பல்கலைக்கழக மாணவர் சங்கத்திலும் இதற்கென்று ஆலோசகர்கள் இருப்பார்கள். போகும்போது ஷிஃப்ட் விவரம் வந்த வாட்ஸாப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.