கடைசி பெஞ்சுக்கும் பாட்டு தெரிய வேண்டுமே

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் சபையில் பாட்டை புரொஜெக்டரில் போடுகிறோம். பின்னால் உட்காரும் பெரியவர்களுக்குத் தெரியவில்லையாம். அறுப்பின் பண்டிகைக்கு ஃபிளெக்ஸ் அடித்தால் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் ஆலயத்துக்குள் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். திரையிலிருந்து கடைசி பெஞ்ச் எத்தனை அடி? 20 அடிக்கு 1 அங்குலம் என்ற கணக்கில் 'ப' என்ற எழுத்தின் உயரம் இருக்க வேண்டும். 60 அடி என்றால் 3 அங்குலம். இதற்குக் கீழே போகக் கூடாது. 8 அடி அகலம், நாலரை அடி உயரத் திரையில் பவர்பாயிண்ட் 16:9 ஸ்லைடைப் போட்டால், 60 முதல் 66 பாயிண்ட் எழுத்து இந்த அளவுக்கு வரும். அப்படி வைத்தால் ஒரு ஸ்லைடுக்கு 4 வரி, வரிக்கு 16 முதல் 18 எழுத்துதான் கொள்ளும். பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் ஒரே ஸ்லைடில் அடைக்கும் பழக்கத்தை விட வேண்டியதுதான். வரியைப் பொருள் முடியும் இடத்தில், மூச்சு எடுக்கும் இடத்தில் உடையுங்கள்.

வரி இடைவெளி 1.4க்குக் குறைந்தால் மேல்வரியின் 'மூ' கீழ்வரியின் 'கீ'யில் போய் இடிக்கும். ஆங்கில ஸ்லைடுக்கு வைத்த இடைவெளி தமிழுக்குப் போதாது. எழுத்துக்கு அவுட்லைன், நிழல் எல்லாம் வேண்டாம். 'ண', 'ணை' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். பின்னணியில் அருவி, மேகம், ஓடும் வீடியோ போட்டால் கண் அதன் பின்னால்தான் போகும். கருநீலத்தில் வெள்ளை போதும். நிறம் மாற்ற ஆசையென்றால் திருச்சபை ஆண்டே வழி காட்டுகிறது: லெந்துவுக்கு ஊதா, பெந்தெகொஸ்தேவுக்குச் சிவப்பு, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை. ஓரத்தில் ஒரு பட்டையாக வந்தால் போதும். மூலையில் பாமாலை, கீர்த்தனை எண்ணைப் போடுங்கள். புத்தகம் பார்த்துப் பாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பலர் மறப்பது திரையின் உயரம். பாடும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 6 அடிக்கு மேல் இல்லையென்றால் கடைசி வரி முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விடும். காலை ஆராதனையில் திரைமேல் வெயில் விழுந்தால் எந்த எழுத்தும் எடுபடாது. அந்தப் பக்கத்து ஜன்னலுக்குத் திரைச்சீலை போடுவது புது புரொஜெக்டரைவிட மலிவு.

இனி ஃபிளெக்ஸ். எழுத்து உடைவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வசனம் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். யூனிகோடிலேயே தட்டுங்கள். ஹிந்த் மதுரை, முக்தா மலர் இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். நம்மூர்ப் பெயரைத் தாங்கிய ஹிந்த் மதுரையில் லைட் முதல் போல்டு வரை 5 தடிமன் உண்டு. இன்னொன்று, பழைய போட்டோஷாப். 'தேவன்' என்பதில் இரட்டைக் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் விழும். ப்ரிஃபரென்சஸில் டைப் பகுதியில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்பதைத் தேர்ந்து, புதுக் கோப்பு திறந்து வேலை செய்யுங்கள். கடைக்கு அனுப்புமுன் எழுத்தையெல்லாம் 'கர்வ்' ஆக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைவடிவமாக, மாற்றிவிடுங்கள். அதன்பின் திருத்த முடியாது, ஆகவே மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள்.

10க்கு 6 அடி ஃபிளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 72 புள்ளி போதும்: 8640க்கு 5184 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படம் அகலத்தில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 10 அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 13 புள்ளிதான். முகம் கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். நிறத்தை சிஎம்ஒய்கே-யில், அதாவது அச்சு மை நான்கின் கணக்கில், வையுங்கள். நீலத்தில் மெஜந்தா (இளஞ்சிவப்பு மை) அளவு சியான் (வெளிர்நீல மை) அளவை நெருங்கினால் அச்சில் ஊதாவாக விழும். ஓட்டை போட நாலு ஓரமும் 3 அங்குலம் எழுத்தில்லாமல் விடுங்கள்.

கமிட்டியார் அத்தனை பேர் படமும் வேண்டும் என்பார்கள்; அது டிசைனருக்கு வரும் சோதனை! பஸ்ஸில் போகிறவருக்கு மூன்று நொடிதான் கிடைக்கும். பண்டிகையின் பெயர், தேதி, நேரம், இடம், ஒரே படம். முகங்கள் அழைப்பிதழுக்குப் போகட்டும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த டிசைனை ஏ4 தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டி, 10 அடி தள்ளி நின்று பாருங்கள். 100 அடியில் அந்த ஃபிளெக்ஸ் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். தேதி படிக்க முடியவில்லையென்றால் படத்தைச் சுருக்கி இடம் கொடுங்கள். வசனத்தை வேதாகமத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேறொருவரை வையுங்கள். இணையத்தில் எடுத்த வசனம் பொது மொழிபெயர்ப்பாகவும், கீழே போட்ட 'சங்கீதம்' என்ற தலைப்பு பழைய திருப்புதலுடையதாகவும் இருப்பது அடிக்கடி நடக்கிறது. பொது மொழிபெயர்ப்பில் அது 'திருப்பாடல்கள்'.