மருஹா மாயோவின் ‘லா வெர்பேனா’: கேள்வி பதில்

மாட்ரிட் தெருத் திருவிழாவை ஸ்பானிய ஓவியர் மருஹா மாயோ 1927-ல் வரைந்த எண்ணெய் ஓவியம் இது. கேளுங்கள். ஒரு வேண்டுகோள்: புகழ்பெற்ற ஸ்பானிய ஓவியர் சல்வதோர் டாலியை உள்ளே இழுக்காதீர்கள்.

கே: வெர்பேனா என்பது எந்த விழா?

ப: ஒரே விழா இல்லை. புனிதர் நாளையொட்டி, முக்கியமாக அதற்கு முந்தின இரவு, பேட்டைக்காரர்கள் தெருவில் கூடி ஆடிப்பாடுவது. ஜூன் 13 அந்தோனியார் விழாவில் தையல் வேலைக்குப் போகும் பெண்கள் தேவாலயத்தின் திருமுழுக்குத் தொட்டியில் 13 குண்டூசிகளைப் போட்டு, உள்ளங்கையை அதில் அழுத்துவார்கள். எத்தனை ஊசி ஒட்டுகிறதோ, அத்தனை காதலர்கள்!

கே: ஒரே கூட்டமாக இருக்கிறது. எங்கிருந்து பார்ப்பது?

ப: எங்கிருந்தாவது. பின்னால் நிற்பவர் மறையாதபடி ஆட்களை ஒருவர்மேல் ஒருவராக அடுக்கியிருக்கிறார். ஒற்றைக்கண் ராட்சசன், மாலுமிகள், கால் கோணிய பிச்சைக்காரர் என்று கண் அலைந்துகொண்டே இருக்கும்.

கே: டாலியின் பாதிப்புதானே?

ப: இல்லை. சான் பெர்னாண்டோ கலைக்கழகத்தில் கூடப் படித்த நண்பர். அவ்வளவுதான்.

கே: பாதிரியார் கேளிக்கை ஆட்டத்தில் திளைக்கிறாரே, மதத்தைக் கிண்டல் செய்யும் படமா?

ப: கிண்டல் உண்டு, ஆனால் மதத்தோடு நிற்கவில்லை. அந்த ஒற்றைக்கண் ராட்சசன் போன்ற பெரிய பொம்மைகளே தேவாலய ஊர்வலங்களில் நெடுங்காலமாக வந்தவைதான். கோயிலும் தெருவும் அங்கே என்றோ கலந்துவிட்டன. 1923 முதல் ஸ்பெயினில் ராணுவத் தளபதி பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகாரம். அந்தக் காலத்தில் பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற வரிசையே கலைந்துபோகும் இரவை ஒரு பெண் வரைகிறார். பாதிரியாரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

கே: சமாளிக்கிறீர்கள். அப்படியானால் பிச்சைக்காரரும் கேலிப்பொருளா?

ப: சரியான இடத்தில் பிடித்தீர்கள். அவரைக் கேலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் சமமாகிவிட்ட இரவிலும் ஒருவர் கைநீட்டித்தான் நிற்கிறார். அவர் இல்லாவிட்டால் படம் வெறும் குதூகலமாகப் போயிருக்கும். கிண்டலும் பாசமும் ஒரே தூரிகையில் வருவதை ஏன் பிரிக்கப் பார்க்கிறீர்கள்?

கே: அந்தக் காலத்தில் யாராவது மதித்தார்களா?

ப: 1928-ல் தத்துவ அறிஞர் ஒர்தேகா இ காசெத் தன் இதழின் அலுவலகத்திலேயே கண்காட்சி வைத்துக் கொடுத்தார். மதிப்பு இல்லாமலா?

கே: டாலி இந்தப் படத்தைப் பற்றி...

ப: தொடக்கத்தில் வைத்த வேண்டுகோளை மறுபடி படியுங்கள்.

கே: எங்கே பார்க்கலாம்?

ப: மாட்ரிட், ரெய்னா சோபியா அருங்காட்சியகம். இதே வரிசையில் 1928-ல் வரைந்த ‘கெர்மெஸ்’ பாரிஸ் பொம்பிடு மையத்தில்.

கே: வீட்டில் மாட்டப் பிரதி என்ன விலை?

ப: அருங்காட்சியகக் கடையில் கேளுங்கள்.