பாடசாலையில் பாடத்துக்கு ஒரு அறை என்று அமைத்தால் உண்மையில் பலன் உண்டா?

கொழும்பில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் இருபது வருடத்துக்கு மேலாகப் புவியியல் படிப்பிக்கிறேன். உங்கள் பாடசாலைக்கு நான்கு மாடிக் கட்டடம் வருகிறது, எல்லா அறையையும் பாட அறையாக்கலாமா என்று அபிவிருத்திச் சங்கத்தில் பேச்சு நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் அதை ஒரு தவணை செய்து பார்த்துக் கைவிட்டவர்கள். கைவிட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதன் பிறகு எனக்குக் கிடைத்த அறையைத் திருப்பிக் கேட்டால் கொடுக்க மாட்டேன்.

முறை இதுதான்: ஆசிரியர் தன் அறையில் இருப்பார், மணியடிக்க மணியடிக்கப் பிள்ளைகள் இடம் மாறுவார்கள். நேரசூசி போட்டபோது அழகாகத்தான் இருந்தது. எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். இடைவேளையோடு சேர்ந்து போகும் மாற்றத்தை விட்டால், ஒரு நாளில் ஆறு தடவை முழுப் பாடசாலையும் படிக்கட்டில் நிற்கும். எங்களுக்கு இருந்தது இரண்டே படிக்கட்டு. ஒரு மாற்றத்துக்கு ஐந்தாறு நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், தினமும் கிட்டத்தட்ட ஒரு பாடவேளை படியிலேயே முடிந்தது. தரம் 6 பிள்ளைகள் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க வந்து, முதலில் தண்ணீர்ப் போத்தலைத்தான் திறப்பார்கள். பாவம், என்ன செய்வது?

கடைசியில் அந்த முறையைக் கவிழ்த்தது தும்புத்தடி. காலையில் வகுப்பைக் கூட்டுவது எங்கள் பிள்ளைகள்தான். அவரவர் வகுப்பு, அவரவர் முறை. அறை பாடத்துக்குச் சொந்தமானதும் கூட்ட ஆளில்லை. மூன்றாம் கிழமை கணித அறையில் பாண் துண்டும் பென்சில் சீவலும் காலுக்குள் மிதிபட, யாருடைய முறை என்று வகுப்பாசிரியர்களுக்குள்ளேயே வழக்கு. தவணை முடிந்ததும் எல்லோரும் பழைய வகுப்புக்கே போனோம்.

இனி என் அறைக் கதை. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படம் (ஒரு சென்டிமீற்றருக்கு அரைக் கிலோமீற்றர்) ஒரு தாளில் 40 கிலோமீற்றருக்கு 25 கிலோமீற்றர் நிலத்தைக் காட்டும். அதாவது படம் மட்டும் 80 சென்டிமீற்றர் நீளம், 50 அகலம். ஓரத்துக் குறியீட்டு விளக்கம் வேறு. வகுப்பு மேசையில் விரித்தால் ஒரு பக்கம் தொங்கும். ஒருநாள் கொழும்புத் தாளை விரித்து, ஆறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். ஒரு பையன் சொன்னான்: "டீச்சர், களனி கங்கை மேசைக்கு வெளியால போயிட்டுது." சிரித்துவிட்டோம், ஆனால் அவன் சொன்னது சரிதானே. மடித்து மடித்துப் படித்ததில் அந்தத் தாள் மடிப்போடு கிழிந்து, நாரஹேன்பிட்டிக்குப் போய் வேறு வாங்கி வந்தேன்.

அதே வருடம் உயர்தரப் பிள்ளைகள் மத்திய மலைநாட்டைச் சமவுயரக் கோட்டுக்குக் கோடு ரெஜிபோமில் வெட்டி அடுக்கினார்கள். மூன்று கிழமை வேலை. வகுப்பின் பின்மேசையில் வைத்திருந்தோம். பரிசளிப்பு விழா ஒத்திகைக்கு மேசை தேவைப்பட்டதாம். திங்கட்கிழமை வந்து பார்த்தால் 2,524 மீற்றர் பீதுருதாலகால இரண்டு துண்டாக யன்னலோரம் கிடக்கிறது.

அதற்குப் பிறகுதான் அதிபரோடு சண்டை பிடித்து நூலகத்துக்குப் பக்கத்துக் களஞ்சிய அறையை வாங்கினேன். நான்கு மேசையை ஒட்டி மேலே ஒரு பிளைவுட் பலகை, படம் தொங்கவிடச் சுவரோடு ஒரு குழாய், ஒரு அலுமாரி, அதன் திறப்பு என் கையில். இவ்வளவுதான் செலவு. செவ்வாய்க்கிழமை பசை காயாமல் விட்டுப் போன மலை வியாழக்கிழமை அதே இடத்தில் இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஆகவே கூட்டத்தில் ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் ஒன்று கேளுங்கள்: மணியடித்த பிறகு உங்கள் பாடம் எதை மேசையில் விட்டுப் போக வேண்டியிருக்கிறது? சித்திரம், மனையியல், விஞ்ஞானம், 2013இல் உயர்தரத்துக்கு வந்த தொழில்நுட்பப் பிரிவு, இவற்றுக்குத் தனி அறை இல்லாவிட்டால் படிப்பிப்பது வெறும் குறிப்புச் சொல்லல்தான். வரலாறு, சமயம், கணிதத்துக்கு ஒரு நல்ல கரும்பலகையும் பக்கத்து வகுப்பின் சத்தம் வராத சுவரும் போதும். கணித ஆசிரியர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

கட்டட வரைபடம் போடுபவரிடம் சில விடயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரசாயன ஆய்வுகூடத்தை இங்கிலாந்துப் புத்தகம் பார்த்து வரைந்தால் பிழைக்கும். அங்கே குழாயில் வருவது இயற்கை வாயு; பெரும்பகுதி மெதேன், காற்றை விட இலேசு, கசிந்தால் மேலே போகும். நாங்கள் சிலிண்டரில் வாங்குவது புரோப்பேனும் பியூட்டேனும். அவை காற்றை விடப் பாரம், தரையோடு படரும். மேலே மட்டும் காற்றுத் துவாரம் வைத்துப் பயனில்லை, தரைமட்டத்திலும் வேண்டும். சிலிண்டர் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். வாசல் இரண்டு, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.

நடன அறை கீழ்மாடியில்தான். எங்களுடையது மேலே. பரதத்தில் காலைத் தரையில் தட்டும் தட்டடவு தொடங்கினால் அடி கொங்கிறீற் தளத்துக்குள்ளால் நேரே கீழே இறங்கும், கதவைச் சாத்தி ஒன்றும் ஆகாது. கீழே தரம் 11 மாதிரிப் பரீட்சை எழுதும்போது மேலே "தையா தை". மிருதங்கத்தின் சத்தத்தைக் கனமான சுவராலாவது குறைக்கலாம், காலடியை அப்படி அடக்க முடியாது.

சித்திர அறைக்கு வடக்கு வெளிச்சம் வேண்டும் என்பார்கள். ஐரோப்பாவில் நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்பதால் அங்கே அது சரி. கொழும்பு ஏறக்குறைய 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் முதல் கிழமையில் உச்சிக்கு வரும் சூரியன் செப்டெம்பர் தொடக்கம் வரை நடுப்பகலில் வடக்குப் பக்கமே நிற்கும். வடக்கு யன்னலுக்கும் ஆழமான தாழ்வாரம் வேண்டும், இல்லாவிட்டால் ஓகஸ்டில் வரையும் பாத்திரத்தின் நிழல் பாடம் முடிவதற்குள் இடம் மாறிவிடும்.

காலி வீதிப் பக்கம் யன்னல் திறந்திருக்கும் அறையில் ஆங்கிலக் கேட்டல் பயிற்சி வைக்கிறார்கள், அதுவும் நடக்காத காரியம். அமெரிக்க வகுப்பறைத் தரம் ஆளில்லாத அறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்கிறது. பஸ்காரர் ஹோர்ன் அடித்தால் அந்தக் கணக்கு எங்கே போகும்! அந்த வகுப்பை உள்பக்கம் திருப்புங்கள்.

புவியியலுக்கு என்ன இடம் என்று நீங்கள் எழுதவில்லை. மறந்துவிட்டிருப்பீர்கள், எல்லோரும் மறப்பார்கள். படிக்கட்டுக்குக் கீழே வெறும் இடம் இருந்தால் அதையே கேளுங்கள். மேசையின் நீளம் மட்டும் 120 சென்டிமீற்றருக்குக் குறையக் கூடாது.