மீட்டர் முள் ஏன் ஆடுகிறது?

வாசகர் கேள்விகள்: பழைய சிறு விமானங்களின் மின்கோளாறுகள்

சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். இங்கே சொல்லும் சோதனைகள் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு மட்டும். பழுது நீக்கியபின் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் விமானம் மேலே எழ வேண்டும்.

1970களில் வந்த செஸ்னா 172, 14 வோல்ட் ஆல்டர்னேட்டர். ஓடும்போது அம்மீட்டர் முள் இடமும் வலமும் துடிக்கிறது, விளக்குகளும் கூடவே மினுங்குகின்றன. புது ரெகுலேட்டர் போட்டும் இரண்டே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. அடுத்து ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டியதுதானா?
– பயிற்சி மாணவர், ஓமலூர்

வேண்டாம். இன்னும் எதையும் மாற்றாதீர்கள். இந்தத் துடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் பெட்டிகள் அல்ல, பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் இணைப்புகள்.

ரெகுலேட்டருக்கு இரண்டு வேலை. பஸ்பாரில், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரியும் பட்டையில், எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கேற்ப ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு எனும் காந்தச் சுருளுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். பழைய செஸ்னாக்களில் இரண்டுக்கும் ஒரே வயர். அது பஸ்பாரில் கிளம்பி பிரேக்கர், மாஸ்டர் சுவிட்சின் ஆல்டர்னேட்டர் பாதி (மறுபாதி பேட்டரிக்கு), ஓவர்வோல்டேஜ் ரிலே, இடையிலுள்ள கனெக்டர்கள் வழியாக ரெகுலேட்டருக்குப் போகிறது. வழியில் ஒரு முனை களிம்பேறி 0.1 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 ஆம்பியர் ஃபீல்டு கரண்ட் பாய்ந்தால் அந்த இடத்திலேயே 0.3 வோல்ட் போய்விடும். பஸ்பாரில் 14 இருந்தாலும் ரெகுலேட்டர் கண்ணுக்கு 13.7தான் தெரியும். குறைவு என்று நினைத்து ஃபீல்டை ஏற்றும், வோல்டேஜ் எகிறும், உடனே ஃபீல்டை வெட்டும். கரண்ட் குறைந்ததும் அந்த 0.3 வோல்ட் இழப்பும் மறைந்துவிடும், ரெகுலேட்டர் மறுபடி ஏமாறும். முள் ஆடுவது இதனால்தான். புது ரெகுலேட்டரைப் பொருத்தும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டியதில் களிம்பு கொஞ்சம் உரசிப் போயிருக்கும். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இதை ஓம் அளந்து பிடிக்க முடியாது. சாதாரண மல்டிமீட்டரின் வயர்களுக்கே 0.2 ஓம் இருக்கும். கரண்ட் பாயும்போது வோல்டேஜ் எங்கே குறைகிறது என்று அளப்பதுதான் வழி. எஞ்சின் நின்றிருக்கட்டும், மேக்னெட்டோ சாவி (தீப்பொறிக்கான சாவி) ஆஃபில் இருக்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள், புரொப்பெல்லர் பக்கம் ஆள் நிற்கக் கூடாது. மாஸ்டர் சுவிட்சின் இரண்டு பாதிகளையும் போடுங்கள். பேட்டரி 12.6 வோல்ட்தான் என்பதால் ரெகுலேட்டர் ஃபீல்டை முழுதாகத் திறந்துவிடும். சோதனைக்குத் தேவையான கரண்ட் தானாகவே பாயும். மீட்டரின் சிவப்பு முனை பஸ்பாரில், கறுப்பு முனை ரெகுலேட்டருக்கு வரும் வயரில். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் திருடன் வழியில்தான் இருக்கிறான். பிறகு பிரேக்கரின் இரு முனை, சுவிட்சின் இரு முனை, ஒவ்வொரு கனெக்டர் என்று தனித்தனியாக அளந்து போங்கள். வரிசை மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் வயரிங் படம் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் மாஸ்டரைப் போட்டு வைக்காதீர்கள். ஃபீல்டு சுருள் சூடேறும், பேட்டரியும் இறங்கும்.

நாங்கள் முதலில் சந்தேகப்படுவது மாஸ்டர் சுவிட்சைத்தான். வருடக்கணக்காக ஒவ்வொரு பறப்புக்கும் தட்டப்பட்ட சுவிட்ச், உள்ளே தொடுமுனை கருகியிருக்கும். அதைச் சுரண்டிச் சரிசெய்யாமல் புதிது போடுங்கள். வயர் நுனியிலுள்ள லக் தளர்ந்திருந்தால் வெட்டிவிட்டுப் புது லக்கை கிரிம்ப் செய்யுங்கள், அதாவது நசுக்கிப் பிடிக்க வையுங்கள். ஈயம் பற்றவைத்தால் வயரின் இழைகளுக்குள் ஈயம் ஏறி விறைப்பாகும், அதிர்வில் அந்த இடத்திலேயே ஒடியும். கடைசியாக, ரெகுலேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்து பாருங்கள். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள ஃபயர்வால் தகட்டில் திருகியிருக்கும் அதன் காலடியில் பெயின்ட் படிந்திருந்தாலும் இதே கூத்துதான்.

ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டே சுற்றுகிறது. பேட்டரி புதிது. ஸ்டார்ட் செய்தபின் த்ராட்டில் கேபிளைத் தொட்டால் சுடுகிறது. லாரி, கார் வேலை செய்து பழகிய எனக்கு இது புரியவில்லை. கார் ரிலே போட்டுப் பார்க்கலாமா?
– ஆட்டோ எலக்ட்ரீஷியன், செவ்வாய்பேட்டை

கேபிள் சுடுவதை நீங்கள் கவனித்தது பெரிய விஷயம். இனி அந்த விமானத்தை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியர் பேட்டரிக்குத் திரும்ப, எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு பின்னல் எர்த் பட்டை உண்டு. அது அறுந்தாலோ, அடியில் அரித்தாலோ கரண்ட் வேறு பாதை தேடும். த்ராட்டில் கேபிள், எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் கேபிள், பெட்ரோல் போகும் பிரைமர் குழாய், எதுவானாலும் அதற்குச் சரி. கேபிள் உள்ளே கருகினால் பறக்கும்போது இறுகிவிடும்.

சோதிக்கும் முறை: மிக்ஸ்சரை முழுவதும் இழுத்து, மேக்னெட்டோவை ஆஃப் செய்து, மேல் பிளக்குகளைக் கழற்றுங்கள். கீழ்ப் பிளக் வயர்களையும் பிரித்து வையுங்கள். எர்த் பட்டையின் இரு முனைகளையும் பளபளவெனத் தேய்த்து முறுக்கிய பிறகு ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுற்றவிட்டு, எஞ்சின் கிராங்க்கேஸுக்கும் பேட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கும் நடுவே அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையையே மாற்றுங்கள். பாசிட்டிவ் பக்கம் மாஸ்டர் கான்டாக்டர், ஸ்டார்ட்டர் கான்டாக்டர் (பெரிய கரண்ட்டை இணைக்கும் ரிலேக்கள்) ஒவ்வொன்றின் குறுக்கேயும் அதே 0.2தான் எல்லை. சூடுபட்ட கேபிள்களை வெளியே எடுத்துப் பார்க்காமல் விடக் கூடாது.

விமானம் பழைய பைப்பர் செரோக்கி என்றால் பேட்டரி கேபிள் அலுமினியமாக இருக்கலாம். அலுமினியத்தைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினாலும் ஆக்சைடு உடனே படியும். செம்புக் கேபிளுக்கு மாறுவதுதான் தீர்வு.

கார் ரிலே வேண்டாம். விமானச் சான்றிதழ் இல்லாத பாகம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, மாஸ்டர் கான்டாக்டரும் ஸ்டார்ட்டர் கான்டாக்டரும் வெளியே பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், உள்ளே வேறு. மாஸ்டர் கான்டாக்டர் மணிக்கணக்கில் பிடித்திருக்க வேண்டியது; 12 வோல்ட் வகையில் சுருள் சுமார் 15 ஓம் இருக்கும். ஸ்டார்ட்டருடையது சில விநாடிக்கு மட்டும், நாலைந்து ஓம்தான். இரண்டையும் மாற்றிப் போட்டால் பறக்கும்போது மாஸ்டர் சுருள் கருகும்.

மகன் விமானப் பயிற்சியில் இருக்கிறான். சேர்வராயன் மலைக்கு மேலே வரும்போது ஆல்டர்னேட்டர் நின்றுபோனால் எஞ்சினும் நின்றுவிடுமா?
– வாசகி, ஏற்காடு

நிற்காதுங்க அம்மா. இந்த எஞ்சின்களில் தீப்பொறி கொடுப்பது இரண்டு மேக்னெட்டோக்கள். எஞ்சின் சுழல்வதாலேயே அவை மின்சாரம் உண்டாக்கும். பேட்டரியும் வேண்டாம், ஆல்டர்னேட்டரும் வேண்டாம். வேகமானி, உயரமானி, திசைகாட்டி மூன்றுக்கும் மின்சாரம் தேவையில்லை.

போவது ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் (ராடாருக்குப் பதில் தரும் கருவி), விளக்கு, ஃப்ளாப், பெட்ரோல் அளவுமானி. உங்கள் மகன் செய்ய வேண்டியது: ஆல்டர்னேட்டர் பாதியை அணைத்துவிட்டு ஒரே ஒருமுறை மறுபடி போட்டுப் பார்ப்பது. பிரேக்கர் குதித்திருந்தால் அதையும் ஒருமுறைதான் அழுத்தலாம், அதுவும் கருகல் வாசம் இல்லாவிட்டால். சரியாகவில்லையா, ஆல்டர்னேட்டரை அணைத்தே வைத்துவிட்டுத் தேவையில்லாத சுமைகளைக் குறைக்க வேண்டும். 25 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் நம்பலாம். ஒரு ரேடியோவும் டிரான்ஸ்பாண்டரும் சேர்ந்து 3 ஆம்பியர் என்றால் கணக்குப்படி நாலு மணி நேரம். 100 வாட் இறங்குவிளக்கைப் போட்டுவிட்டால் கூடவே 8 ஆம்பியர் போய், ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். வோல்டேஜ் இறங்கும்போது ரேடியோவில் கேட்பது நிற்பதற்கு முன்னாலேயே பேசுவது நின்றுவிடும். அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏற்காட்டிலிருந்து காமலாபுரம் சில நிமிடத் தூரம்தான்.

ஜெனரேட்டர் உள்ள 1960களின் விமானம். மழைக்காலம் முழுக்க ஹேங்கரில் நின்றது. இப்போது சார்ஜே ஏறவில்லை.
– வாசகர், மேட்டூர்

தரையில் மெதுவாக ஓடும்போது மட்டும் ஏறவில்லை என்றால் அது கோளாறில்லை. ஜெனரேட்டர் சார்ஜ் கொடுக்க எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,200 சுற்றாவது சுற்ற வேண்டும். பறக்கும் வேகத்திலும் ஏறவில்லை என்றால், இரும்பில் தங்கியிருக்க வேண்டிய மிச்சக் காந்தம் போயிருக்கலாம். டெல்கோ-ரெமி வகையில் ஃபீல்டுக்கு ரெகுலேட்டர் வழியாக எர்த். அதில் எஞ்சினை நிறுத்தி, மாஸ்டரைப் போட்டு, ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு வயரால் கண்சிமிட்டும் நேரம் தொட்டு எடுக்க வேண்டும். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். ஃபீல்டு ஜெனரேட்டர் உள்ளேயே எர்த் ஆகியிருக்கும் எதிர்வகை இணைப்பில் இப்படிச் செய்தால் ரெகுலேட்டர் தொடுமுனை கருகும். ஆல்டர்னேட்டரிலோ இதைச் செய்யவே கூடாது. எது உங்களுடையது என்று முதலில் உறுதி செய்யுங்கள். அதற்கும் முன்னால் கார்பன் பிரஷ் கூட்டுக்குள் சிக்கியிருக்கிறதா, பிரஷ் உரசும் காம்யுட்டேட்டரில் ஈரப்பூச்சு படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மேக்னெட்டோ சோதனையில் சாவியை இடது பக்கம் வைத்தால் 75 சுற்று குறைகிறது, வலது பக்கம் வைத்தால் கொஞ்சமும் குறைவதில்லை. வலது மேக்னெட்டோ அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாமா?
– பயிற்சி மாணவர், அயோத்தியாப்பட்டணம்

கொள்ளக் கூடாது. சாவியை வலது பக்கம் வைத்தால் இடது மேக்னெட்டோ அணைய வேண்டும். அணைந்தால் சுற்று கொஞ்சமாவது குறையும். குறையவில்லை என்றால் இடது மேக்னெட்டோ அணையவே இல்லை. மேக்னெட்டோவை அணைப்பது கரண்ட்டை வெட்டி அல்ல, பி-லீட் என்ற வயர் மூலம் அதை எர்த் செய்து. அந்த வயர் அறுந்தால் சாவி ஆஃபில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். அப்போது புரொப்பெல்லரைக் கையால் லேசாக நகர்த்தினாலே எஞ்சின் பற்றிக்கொள்ளலாம். எஞ்சினை மிக்ஸ்சரை இழுத்தே நிறுத்துங்கள். புரொப்பெல்லரில் சிவப்பு அட்டை கட்டி, மேக்னெட்டோ உயிரோடு இருக்கிறது என்று எழுதி வையுங்கள். பிறகு இடது மேக்னெட்டோ முனையிலிருந்து சாவி வரை பி-லீடைப் பாருங்கள். பெரும்பாலும் மேக்னெட்டோ பக்க முனையில், கவசப் பின்னல் முடியும் இடத்தில்தான் ஒடிந்திருக்கும்.