மாடி ஒழுகலுக்கு மறுபடியும் கடன் வாங்கலாமா?

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் 2004-இல் கட்டிய வீடு. 900 சதுர அடி மொட்டை மாடி, தட்டோடு பதித்தது. 2019 மழையில் படுக்கையறையின் தென்மேற்கு மூலையில் ஒழுக ஆரம்பித்தது. என் நகையை அடகு வைத்து 55,000 ரூபாய்க்கு வாட்டர் ப்ரூஃப் அடித்தோம். நிற்கவில்லை. 2021-இல் 45,000, 2023-இல் 60,000 என்று அதே நகை மேல் கூடுதலாக வாங்கி மறுபடி அடித்தோம். மூன்று முறையும் வேலை செய்தது என் கொழுந்தனார்தான். வருடா வருடம் கார்த்திகையில் நகையைத் திருப்பி வைக்கிறோம், கடன் இப்போது 2,55,000. மாடி முழுக்க ஷீட் கூரை போட்டால்தான் தீரும், 4 லட்சம் ஆகும் என்கிறார் கொழுந்தனார். பர்சனல் லோன் 14 சதவீதத்துக்குக் கிடைக்கிறது, மாதம் 9,300 கட்ட முடியும். சித்திரையில்கூட அந்த மூலை காய்வதில்லை. வீடு என்ன ஆகுமோ என்று தூக்கம் வருவதில்லை. ஷீட் போடலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. ஷீட்டும் வேண்டாம், அந்த லோனும் வேண்டாம். நீங்கள் மாடியைப் பற்றிக் கேட்கிறீர்கள், ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதறியது அந்தக் 'கார்த்திகையில் திருப்பி வைக்கிறோம்' என்ற வரியைப் பார்த்துத்தான்.

மூன்று முறை வேலைக்குச் செலவானது 55, 45, 60, ஆக 1,60,000. இன்றைய கடன் 2,55,000. நடுவில் இருக்கிற 95,000 எங்கே போனது? 55,000-த்தை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில், வருட வட்டியையும் அசலில் சேர்த்து வைத்துக்கொண்டே வாருங்கள். 2021-இல் 69,000, அதோடு 45,000 சேர்ந்து 1,14,000. 2023-இல் 1,43,000, அதோடு 60,000 சேர்ந்து 2,03,000. போன கார்த்திகையில் 2,55,000-க்குக் கொஞ்சம் கீழே. கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது, அதாவது ஆறு வருடத்தில் கைக்காசிலிருந்து வட்டி என்று ஒரு ரூபாய்கூட நீங்கள் கட்டவில்லை. ஒரு நாளைக்குக் கைமாற்று வாங்கி நகையை மீட்டு, மறுநாளே கூடுதல் தொகைக்கு வைத்து, அந்தக் கைமாற்றை அடைத்திருக்கிறீர்கள். தங்கம் விலை ஏறிக்கொண்டே போனதால் அதே நகைக்கு ஒவ்வொரு முறையும் அதிகம் கொடுத்தார்கள், அதனால் உங்களுக்கு வலிக்கவே இல்லை. விலை ஒரு வருடம் இறங்கட்டும், மறு அடகுக்குப் போதிய பணம் வராது, கையிலிருந்து போடச் சொல்வார்கள். அப்போது 9,300 தவணை வேறு தலைமேல் இருந்தால் நகை ஏலத்துக்குத்தான் போகும். அந்த லோனுக்கு ஐந்து வருடத்தில் கட்டும் வட்டி மட்டும் 1,58,000 வருகிறது, நீங்கள் இதுவரை அடித்த மூன்று கோட்டிங்குக்கும் ஆன செலவு கிட்டத்தட்ட அதுதான்.

அப்புறம் மாடி. சித்திரையிலும் காயவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சித்திரையில் உங்கள் ஊரில் அப்படி என்ன மழை? தென்மேற்கு மூலை என்றால் வாஸ்து பார்த்து வாட்டர் டேங்க்கை அங்கேதான் வைத்திருப்பீர்கள். மாடி ஏறிப் பார்க்காமல் நான் அடித்துச் சொல்லக் கூடாது, ஆனாலும் டேங்க்கின் அடியில் குழாய் இணைப்பு கசிகிறதா, மோட்டாரை நிறுத்த மறந்து தினமும் நிரம்பி வழிகிறதா என்று முதலில் பாருங்கள். நூறு, இருநூறு ரூபாய் வாஷரில் முடிகிற வேலைக்கு மூன்று கோட்டிங் போயிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஷீட் போட்டாலும் டேங்க் தண்ணீர் கீழேதான் இறங்கும். ஷீட்டுக்குக் கம்பம் நட மாடியில் புதிதாகத் துளை வேறு போடுவார்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் ஷீட்டுகள் எப்படிப் பறந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கொழுந்தனாரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒழுகினால்தான் மாடி ஞாபகம் வருகிறது, உடனே நகைக்கடன், உடனே தீபாவளிக்கு முன் மழை விட்ட இடைவெளியில் கோட்டிங் என்றால், ஈர ஓட்டின் மேல் எதை அடித்தாலும் உள்ளே இருக்கிற ஈரம் அதைக் கொப்புளமாகத் தூக்கி உரித்துவிடும். நானோ, கூல் ரூஃப், பத்து வருட வாரண்டி என்று டப்பாவில் எது எழுதியிருந்தாலும் இதுதான் கதி. வெள்ளைப் பூச்சு வெயிலைக் குறைக்கும், அது உண்மை. பிளந்த இடுக்கை அடைக்காமல் மேலே பூசினால் அது ஒழுகலை நிறுத்தாது.

செய்ய வேண்டியது சின்ன வேலை, கோடையில் செய்ய வேண்டியது. சுத்தியல் பிடியால் ஓடுகளைத் தட்டிக்கொண்டே போனால் சில இடத்தில் 'டொக்கு டொக்கு' என்று உள்ளே காலியாகச் சத்தம் வரும், அந்த ஓடுகளை மட்டும் எடுத்துத் திருப்பிப் பதிக்க வேண்டும். ஓட்டு இடுக்குகளுக்கும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்துக்கும் பாயிண்டிங், அதாவது சிமெண்ட் கலவையால் இடுக்கை அடைக்கிற வேலை. சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுத்து அடைக்க வேண்டும், மேலே ஒடித்துவிட்டால் மறுபடி வரும். ஆவணியில் மழைநீர்க் குழாய் வாயிலிருந்து சருகை அள்ளிவிட வேண்டும். கொத்தனார் ஒருவர், சித்தாள் ஒருவர், இரண்டு மூன்று நாள், சிமெண்ட்டோடு சேர்த்து முதல் வருடம் எட்டாயிரம் பத்தாயிரம் ஆகலாம். அடுத்தடுத்த வருடம் மூவாயிரம் நாலாயிரம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்த மூலையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் உடனே ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அது கொத்தனார் வேலை இல்லை.

பணத்துக்கு வருவோம். மாதம் 9,300 கட்ட முடியும் என்கிறீர்களே, அதையே எடுப்போம். 8,300-ஐ மாதாமாதம் நகைக்கடனில் கட்டுங்கள். இதே வட்டியில் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேலே, 37 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். பாக்கி 1,000-ஐ போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் போடுங்கள், அது மாடிக்கு. உங்கள் சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியில் வட்டி குறைவா என்று கேட்டு, குறைவென்றால் அங்கே மாற்றி வையுங்கள், ஆனால் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வாங்காதீர்கள்.

கொழுந்தனாரிடம் நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும். 'அண்ணி நகை வீட்டுக்கு வந்த பிறகுதான் மாடியில் புது வேலை' என்று சொன்னால் போதும், தம்பிக்குப் புரியும். பாயிண்டிங் வேலையை அவருக்கே கொடுங்கள், சதுர அடி அளந்து, கூலி பேசி, முடித்த பிறகு பணம்.

மாசி பிறந்துவிட்டது, மழை இல்லை, நல்ல நேரம். அந்த ஈரக் கறையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். டேங்க்கைக் காலி செய்து பத்து நாள் கீழே தொட்டித் தண்ணீரில் சமாளியுங்கள். கறை கோட்டுக்குள் சுருங்கினால் ஒரு பிளம்பரைக் கூப்பிடுங்கள், சுருங்காவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.