வலி தெரியாத காலுக்கு ஊசி போடலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் அஞ்சு வருஷமா அக்குபஞ்சர் பண்றேன். போன வாரம் ஸ்பைனா பைஃபிடா இருக்கற 26 வயசு தம்பி ஒருத்தர் தோள் வலின்னு வந்தாரு. பொறந்ததுல இருந்து வீல்சேர் தான், தலையில சேர்ற நீர வடிக்க ஷன்ட்னு ஒரு டியூப் வச்சிருக்காங்க. வலி தோள்ல தானே, தைரியமா போடலாமா? கால்லயும் போடுங்கன்னு அவங்க அம்மா கேக்கறாங்க, எனக்கு கை வர மாட்டேங்குது.

கை வராம நின்னீங்க பாருங்க, அதுக்கே உங்கள பாராட்டணும். இத கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

கரு உண்டாகி முதல் 28 நாளுக்குள்ள மூளையும் தண்டுவடமுமா மாறப்போற குழாய் மூடிக்கணும், அது ஒரு இடத்துல மூடாம போறது தான் ஸ்பைனா பைஃபிடா, அதுல பெரிய வகையில அந்த மட்டத்துக்கு கீழ நரம்பு சரியா வேலை செய்யாது, கால், மூத்திரப்பை, குடல் எல்லாமே பாதிக்கும். இவங்களுக்கு கால் செய்ய வேண்டிய வேலையையும் தோள் தான் செய்யுது, சக்கரத்த தள்றது, கட்டில்ல இருந்து நாற்காலிக்கு உடம்ப தூக்கி மாத்தறது எல்லாமே தோள். அதனால தோள் வலிக்கு தாராளமா ஊசி போடலாம், ஆனா நாற்காலியோட உயரத்தையும் அவர் எப்படி தள்றாருங்கறதையும் ஒரு பிசியோ பாக்கலேன்னா வலி திரும்ப வரும்.

போடறதுக்கு முன்னாடி அவர் சட்டைய கழட்டி முதுக பாருங்க. முதுகு வளைஞ்சிருந்தா விலா எலும்பும் சேர்ந்து திரும்பியிருக்கும், புத்தகத்துல படிச்ச அளவெல்லாம் அங்க செல்லாது, தோள் மேட்டுல இருக்கற ஜிபி 21 புள்ளியில நீங்க வழக்கமா போடற ஆழம் இவருக்கு நுரையீரல்ல போய் நிக்கலாம். அங்க தசைய விரலால தூக்கி பிடிச்சு மேலாப்புல போடுங்க, இல்லேன்னா அந்த புள்ளியையே விட்டுடுங்க.

அடுத்தது ஷன்ட். பெரும்பாலும் காதுக்கு பின்னாடி ஒரு சின்ன மேடு இருக்கும், அது வால்வு, அங்கேர்ந்து கழுத்து, காரை எலும்பு, நெஞ்சு வழியா வயித்துக்கு ஒரு டியூப் தோலுக்கு அடியிலயே இறங்கும், விரல் வச்சா கயிறு மாதிரி தட்டுப்படும். எந்த பக்கம்னு அவர கேட்டு, பேனாவால ஒரு கோடு போட்டுக்கங்க. அந்த கோட்டு மேல ஊசி, கப்பிங் (கிண்ணம் வச்சு தோல உறிஞ்சி இழுக்கறது), அழுத்தி மசாஜ் எதுவும் வேணாம், எலக்ட்ரோ கரண்டும் அத தாண்டி போகக்கூடாது. சில வால்வ வெளியில இருந்து காந்தத்தால செட் பண்ணுவாங்க, அதனால காதுல ஒட்டற காந்த மணி, காந்த பட்டை எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிருங்க. பிடரியில ஜிபி 20யும் வேணாம், இவங்கள்ல நிறைய பேருக்கு மூளையோட கீழ்ப்பகுதி கழுத்துப்பக்கம் இறங்கி இருக்கும். (இந்த மாதிரி வால்வு ஒண்ணு 1956ல வந்தது, செஞ்சவர் ஜான் ஹோல்டர்னு ஒரு பூட்டு கம்பெனி டெக்னீஷியன், ஸ்பைனா பைஃபிடாவோட பொறந்த தன்னோட மகனுக்காக உக்காந்து யோசிச்சு செஞ்சாரு. அத நெனச்சாலே எனக்கு அந்த மேட்டு மேல விரல் வைக்கறப்போ ஒரு மரியாதை வந்துரும்.) அவர் என்னிக்காவது தலைவலி, வாந்தி, தூக்கம் தூக்கமா வருதுன்னு சொன்னா அன்னிக்கு ஊசிப்பெட்டியையே தொறக்காதீங்க, ஷன்ட் அடைச்சிருக்கலாம், உடனே நியூரோசர்ஜன் இருக்கற ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.

கிளவுஸ் லேடெக்ஸ்னா மாத்திருங்க. சின்ன வயசுல இருந்தே ஆபரேஷன், கதீட்டர்னு ரப்பர் பட்டு பட்டு இவங்கள்ல நிறைய பேருக்கு லேடெக்ஸ் அலர்ஜி வந்துருது, சில சமயம் உயிருக்கே ஆபத்தாகிற அளவுக்கு. நைட்ரைல் போட்டுக்கங்க, கப்பிங் பம்ப்போட டியூப், எலாஸ்டிக் பட்டி எல்லாம் எதுல செஞ்சதுன்னும் பாத்துக்கங்க.

இப்ப கால். நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு பொண்ணோட பாதத்துக்கு மாக்ஸா, அதாவது மூலிகைய பத்த வச்சு சூடு, காட்டினேன், "சூடு தெரியுதாம்மா"ன்னு கேட்டேன், "இல்லக்கா, இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுங்க"ன்னு சொல்லுச்சு, நானும் காட்டினேன். மறுநாள் சாக்ஸ கழட்டின அவங்க அம்மா போன் பண்ணாங்க, பெருவிரல் ஓரமா ஒரு கொப்புளம், உள்ள தண்ணி கோத்துக்கிட்டு பளபளன்னு. அது ஆற ஏழு வாரம் ஆச்சு. ஒரு வாரத்துல ஆற வேண்டிய புண்ணு, உணர்ச்சி இல்லாத தோலுங்கறதால இழுத்துக்கிட்டே போச்சு. அந்த குழந்தை என்கிட்ட ஒரு வார்த்த குறை சொல்லல. தப்பு முழுக்க என்னோடது, தெரியாதுன்னு நல்லா தெரிஞ்ச காலுகிட்ட போய் நான் பதில் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

நம்ம வைத்தியமே நோயாளி சொல்றத வச்சு தான் நடக்குது, கனமா இருக்கு, சுர்ருங்குது, போதும்னு அவங்க சொல்லணும். இங்க அந்த குரல் கிடையாது, அந்த வேலைய உங்க கண்ணு தான் பாக்கணும். அதனால கால்ல மாக்ஸா, ஹீட் லாம்ப், சூட்டு கப்பிங் மூணும் கூடவே கூடாது. ஊசி போட்டே ஆகணும்னா முதல்ல பாதம், குதிகால், உக்கார்ற இடம்னு புண்ணு இருக்கான்னு பாத்துட்டு, மெல்லிசா மேலாப்புல போட்டு, எண்ணி போட்டு எண்ணி எடுங்க, திடீர்னு கால் வெட்டி இழுத்து ஊசி வளைஞ்சாலும் அவருக்கு தெரியாது. எலும்பும் பலவீனமா இருக்கும், பொசிஷன் மாத்தறப்போ கால பிடிச்சு இழுத்துறாதீங்க. கால் வேலை செய்ய ஆரம்பிக்கும்னு மட்டும் அந்த அம்மாகிட்ட சொல்லிறாதீங்க.

மூத்திர பிரச்சனைக்கும் கேப்பாங்க. கணுக்காலுக்கு உள்பக்கம் மேல இருக்கற எஸ்பி 6 புள்ளி கிட்ட ஓடற நரம்ப கரண்டால தூண்டற சிகிச்சை அலோபதியிலயே இருக்கு, யூராலஜி டாக்டர் சரின்னா சேந்து செய்யலாம். ஆனா நேரத்துக்கு கதீட்டர் போட்டு மூத்திரத்த வெளியேத்தறத நிறுத்த சொல்ற உரிமை நமக்கு இல்ல, 1972ல லாபிடெஸ்னு ஒரு அமெரிக்க யூராலஜி டாக்டர் கொண்டுவந்த அந்த முறை எத்தனையோ பேரோட கிட்னிய காப்பாத்தியிருக்கு.

கேள்வி: என் பையனுக்கு எட்டு மாசம். பொறந்த ரெண்டாம் நாளே முதுகுல ஆபரேஷன் முடிஞ்சுது. நூறு சிட்டிங் ஊசி போட்டா நரம்பு வளந்து நடப்பான்னு ஒருத்தர் சொல்றார். நம்பலாமா?

நம்பாதீங்கம்மா. மூடாம போன நரம்ப எந்த ஊசியும் வளர வைக்காது, நானும் அதே ஊசிய கையில வச்சிருக்கறவ, அதனால தான் உறுதியா சொல்றேன். தம்பி நடக்கறது எந்த மட்டத்துல பாதிப்புங்கறத பொறுத்தது, கீழ இடுப்பு எலும்பு மட்டத்துல இருக்கற குழந்தைங்க நிறைய பேர் நடக்கறாங்க, சிலர் காலிப்பரோட. பிசியோவ விடாதீங்க. எனக்கு பயமே வேற, சில குழந்தைங்களுக்கு வளர வளர தண்டுவடம் ஆபரேஷன் தழும்புல ஒட்டி இழுபடும், நடை மாறும், பாதம் வளையும், முதுகு வலிக்கும், மூத்திரம் போற விதம் மாறும். அந்த நேரத்துல "இன்னும் பத்து சிட்டிங் பாப்போம்"னு யாராவது சொல்லி மாசம் ஓடிப்போச்சுன்னா இழந்தது திரும்ப வராது. அப்படி ஏதாவது தெரிஞ்சா நேரா சர்ஜன்கிட்ட போங்க.

கேள்வி: இடுப்பு வலிக்கு எக்ஸ்ரே எடுத்ததுல எஸ்1ல ஸ்பைனா பைஃபிடா ஆக்கல்டான்னு வந்திருக்கு. ஊசி போட மாட்டேன்னு தெரபிஸ்ட் சொல்லிட்டார்.

பயப்படாதீங்க, ஆக்கல்டாங்கறது வெளியில தெரியாத லேசான வகை, எஸ்1ங்கறது இடுப்புக்கு கீழ இருக்கற எலும்பு. பத்து பேர்ல ஒருத்தருக்கு கிட்ட இது இருக்கும், பலருக்கு அதனால ஒரு தொந்தரவும் இருக்காது. ஆனா அவர் தயங்கினதும் நியாயம் தான், அந்த இடத்துல நடுக்கோட்டுல எலும்பு மூடி இல்ல, நேரா ஆழமா போனா தடுக்க ஒண்ணும் கிடையாது. நடுக்கோட்ட விட்டுட்டு ரெண்டு பக்கமும் சாய்வா மேலாப்புல போடலாம். அங்க முடிக்கொத்து, குழி, மச்சம் மாதிரி ஏதாவது இருந்தாலோ, கால் மரத்தாலோ, மூத்திரம் அடக்க முடியலேன்னாலோ முதல்ல எம்.ஆர்.ஐ. வழக்கமா இடுப்புக்கு மேல எல்1, எல்2 எலும்பு கிட்ட முடியற தண்டுவடம் சிலருக்கு கீழ வரைக்கும் இழுத்து நிக்கும்.

கேள்வி: முதல் குழந்தைக்கு ஸ்பைனா பைஃபிடா. ரெண்டாவதுக்கு ட்ரை பண்றோம், வராம தடுக்க அக்குபஞ்சர் இருக்கா?

இல்ல, ஃபோலிக் ஆசிட் மாத்திரை இருக்கு. 1991ல வந்த பெரிய ஆய்வுல, உங்கள மாதிரி முன்னாடி பாதிப்பு வந்த அம்மாக்களுக்கு அது 72 சதவீதம் தடுத்துச்சு. எல்லாருக்கும் சொல்ற அளவு 400 மைக்ரோகிராம், உங்களுக்கு 4 மில்லிகிராம், பத்து மடங்கு, அதுக்காக மல்ட்டி வைட்டமின் மாத்திரைய பத்தா முழுங்கிறாதீங்க, வைட்டமின் ஏ அளவு மீறிரும், தனியா ஃபோலிக் ஆசிட்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க. நாள் தள்ளிருச்சுன்னு நீங்க கவனிக்கறப்பவே அந்த குழாய் மூடற நேரம் பாதி ஓடியிருக்கும், அதனால ட்ரை பண்றத ஒரு மாசமாவது தள்ளி வச்சு மாத்திரைய முதல்ல ஆரம்பிங்க.